ரசாக்கின் தனித்தட்டு

ரசாக்குக்கு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. அவருடைய மூன்று வயது மகள் யுஸ்ராவுக்கோ உடம்பில் இரும்புச்சத்தே இல்லை. அக்கம்பக்கத்தார் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெற்றவள் பக்ருன்னிசாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஈரல், முருங்கைக்கீரை, டாக்டர் எழுதிய டானிக் என்று எதை ஊட்டினாலும் குழந்தையின் வெளுப்பு மாறவில்லை. போன பெருநாளுக்குத் தைத்த கவுன் இந்தப் பெருநாளுக்கும் அளவாகவே இருந்தது.

ரசாக்குக்குச் சில மாதங்களாக இருமல். "இரும்புத் தூசிதான்" என்பார். ஆனால் உள்ளூரப் பயம். அந்த வீட்டில் எல்லோரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே பெரிய தட்டிலிருந்துதான் சாப்பிடுவார்கள். மகளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று அவர் மட்டும் விலகி, தனித்தட்டு வைத்துக்கொண்டார். சாப்பிட்டபின், பக்கத்துக் குளத்துக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அவளை நெஞ்சில் போட்டுத் தூங்க வைப்பார். வேறெங்கும் அவளுக்குத் தூக்கம் வராது.

"ஊட்டுல ஆராச்சும் இருமறாங்களா அம்மணி?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கீதா கேட்டபோது, "இல்லீங்க" என்றாள் பக்ருன்னிசா. ஒருவேளை காசநோயாக இருந்து வெளியே தெரிந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வாசல்வரை போனாள். தோளில் கிடந்த பிள்ளைக்குக் கனமே இல்லை. திரும்பி வந்தாள்.

"பொய் சொல்லிப்போட்டனுங்க. இவ அத்தா இருமறாங்க."

சோதித்துப் பார்த்ததில் ரசாக்குக்குக் காசநோய். அவரிடமிருந்து யுஸ்ராவுக்கும் வந்திருந்தது. அது உள்ளே இருந்து தின்றுகொண்டிருக்கையில் டானிக் மட்டும் என்ன செய்யும்?

ரசாக் இடிந்துபோனார். "தட்டைக்கூடத் தனியா வெச்சிருந்தனுங்களே!"

"தட்டுல ஒட்டாதுங்க. மூச்சுக் காத்துலதான் பரவும்" என்றாள் கீதா. "ரெண்டு பேருத்துக்கும் மருந்துல சரியாயிரும். நாங்க சொல்ற வரைக்கும் பாப்பாவைக் கிட்டப் படுக்க வைக்காதீங்க. ஜன்னலத் தொறந்து வைங்க."

பாவம், மனிதர் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருந்தார். பக்ருன்னிசாவுக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர் மொட்டைமாடிக்குப் படுக்கையை மாற்றினார். கீழே யுஸ்ரா அத்தாவைக் கேட்டு அழுதாள்.

சில வாரம் மருந்து சாப்பிட்டபின், இனிப் பயமில்லை என்றாள் கீதா. அன்று மதியம் ரசாக் எல்லோரோடும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுச் சாய்ந்ததுதான் தாமதம், யுஸ்ரா நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டாள். கீதா சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மகள் தூங்கும்வரை, திறந்திருந்த ஜன்னல் பக்கமே அவர் முகத்தைத் திருப்பி வைத்திருந்ததைப் பக்ருன்னிசா பார்த்தாள்.