பிரபு வீட்டின் பின்படிக்கட்டு

1. முதல் நாள்

ஹவுஸ்மைஸ்டர் வேலைக்குப் போன முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கட்டடப் பராமரிப்பு வேலை அது. ஹீற்றர் முதல் கதவுப் பிணைச்சல் வரை எல்லாம் நம் தலையில்தான். ஹனோவரில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் தள்ளி, வயல்களுக்கு நடுவே நின்ற, ஒரு ஜெர்மன் பிரபுவின் பழைய வீட்டை அப்போதுதான் முதியோர் இல்லமாக மாற்றியிருந்தார்கள். நிர்வாகி ஃப்ராவ் பெக்கர், நம் பேச்சில் பெக்கர் அம்மா, என்னை வரவேற்க முன்வாசலில் காத்து நின்றார். நானோ வீட்டைச் சுற்றிப் போய், குப்பை வாளிகளைத் தாண்டி, பின்கதவால் நுழைந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று காலை வணக்கம் சொன்னேன். மனிசி துள்ளி விழுந்தார்.

“முன்கதவு திறந்துதானே கிடக்கு. ஏன் பின்னால வாறீங்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது ஜெர்மனில். எனக்கு எல்லாம் நம்முடைய பேச்சில்தான் ஞாபகம் இருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. பதினைந்து வருடங்களுக்கு முன் அதே வீடு அகதி முகாம். நான் அங்கே இரண்டு வருடம் இருந்தவன். முன்வாசல் அலுவலகக்காரருக்கு, எங்களுக்குப் பின்கதவும், சமையலறைப் பக்கத்தில் இருந்து மேல்மாடிக்கு ஏறும் ஒடுங்கிய படிக்கட்டும்தான். அன்று என் கால்கள் என்னைக் கேட்காமலே பழைய வழியில் போய்விட்டன.

அந்த வீடு கண்டவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. முதலில் பிரபு குடும்பம், பிறகு போரில் காயப்பட்ட சிப்பாய்கள், பிறகு கிழக்கில் இருந்து ஓடிவந்த ஜெர்மன் குடும்பங்கள், பிறகு விவசாயப் பள்ளிக்கூடம், பிறகு நாங்கள். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் எங்கேயோ ஒரு சுவர் முளைத்தது, ஒரு கதவு அடைபட்டது. பின்படிக்கட்டும் அப்படித்தான் காணாமல் போயிருந்தது.

2. சுவரைத் தள்ளும் கிழவி

இல்லத்தில் இருந்த ஃப்ராவ் லின்டேக்கு எண்பது தாண்டிவிட்டது. மறதி நோய். தினமும் பின்னேரம் மூன்று மணிக்குச் சமையலறைக்குப் பக்கத்து நடையின் முடிவுக்குப் போய், வெறும் சுவரை இரண்டு கையாலும் தள்ளுவார். தாதிமார் இழுத்து வந்து கதிரையில் இருத்தினால் அழுவார். ஒருநாள் ஒரு தாதிக்குக் கையால் அடித்தும் விட்டார்.

“இனி ஏலாது. வெள்ளிக்கிழமை டொக்டர் வாறார். அவர் கையெழுத்து வைச்சால் பூட்டி வைக்கிற இல்லத்துக்கு அனுப்பவேணும்,” என்றார் ஃப்ராவ் பெக்கர். அவர் கல்நெஞ்சக்காரி அல்ல. முப்பது பேருக்கு இரண்டு தாதியை வைத்துக்கொண்டு அந்த மனிசியும் என்னதான் செய்வார்?

சமையலறையில் வேலை செய்த ராணி அக்காதான் எனக்கு விஷயத்தை உடைத்தார். “தம்பி, அவ சும்மா சுவரைத் தள்ளேல்லை. முதல்ல என்னட்ட வந்து ட்ரே கேக்கிறா. கோப்பி ஆறுது, மேல காத்துக்கொண்டிருக்கினம் எண்டு சொல்லுறா.”

“எந்தச் சுவர் அக்கா?”

“அந்தத் துணி அலுமாரிக்குப் பக்கத்துச் சுவர்.”

எங்கள் படிக்கட்டு இருந்த இடம் அதுதான். கிழவி வழி தவறவில்லை. பதினைந்து வயதில் இந்த வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர் என்று ராணி அக்கா முன்பே சொல்லியிருந்தார்; தன் நினைப்பில் இன்னும் பிரபு குடும்பத்துக்குப் பின்னேரக் கோப்பி கொண்டுபோகிறார். வழியைத்தான் நாங்கள் அடைத்து வைத்திருந்தோம்.

3. எட்டுத் திருகாணிகள்

புதன்கிழமை இரண்டரை மணிக்கு அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. வெறும் ஜிப்சம் பலகை, எட்டுத் திருகாணி. வேலையில் எனக்கு இன்னும் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராது என்று எனக்குத் தெரியும். கழற்றினேன். பின்னால் அதே பச்சைக் கதவு.

மூன்று மணிக்கு ஃப்ராவ் லின்டே, ராணி அக்கா கொடுத்த ட்ரேயுடன் வந்தார். கதவைக் கண்டு கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. முழங்கையால் தள்ளித் திறந்தார். செங்குத்தான படி, விழுந்தால் என் வேலையும் போகும், அவருடைய இடுப்பும் போகும். பக்கத்தில் ஓடிப் போய் நின்றேன். ஒரு காலைப் படியில் வைத்தவர், மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு ட்ரேயை என் கையில் திணித்தார்.

“இண்டைக்கு நீங்கள் கொண்டுபோங்கோ. என்ரை முழங்காலுக்கு ஏலாது.”

திரும்பி நடந்து, ஒருவரும் பிடிக்காமல், தன் கதிரையில் போய் இருந்தார். ஃப்ராவ் பெக்கர் நடையின் அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“சுவரில கை வைக்க முதல் அன்ட்ராக் எழுதிக் குடுத்து அனுமதி எடுக்கவேணும் எண்டு தெரியாதோ?” என்று சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கதவுக்கு ஒரு பூட்டுப் போடுங்கோ. திறப்பு உங்களிட்டை இருக்கட்டும்,” என்றார். வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். கையெழுத்து வைக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பிறகு தினமும் மூன்று மணிக்கு நான் ட்ரேயை வாங்கி நாலு படி ஏறி, கிழவி போகும்வரை அங்கேயே நிற்பேன். நான் லீவில் போனால் ஃப்ராவ் பெக்கரே ஏறுவார்.

பழைய கட்டடத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிளானைப் பாருங்கள், ஆனால் அங்கே முன்பு நடந்து திரிந்தவர்களிடமும் கேளுங்கள். அடைத்த கதவுகளைப் பிளானில் காட்டமாட்டார்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள் ட்ரேயில் இரண்டு கோப்பை இருந்தது. வழமைபோல வாங்கக் கை நீட்டினேன். ஃப்ராவ் லின்டே தரவில்லை.

“மேல ஒருத்தரும் இல்லை. எல்லாரும் போயிட்டினம்,” என்றார். “இருங்கோ. ஆற முதல் குடிப்பம்.”

கீழ்ப்படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குடித்தோம். அன்று வேலை முடிந்து நான் முதல் தடவையாக முன்வாசலால் வெளியே போனேன்.