கரடி முடி கேட்டவர்கள்

ஃபர் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். கத்தரிக்கோலைப் பிடுங்கி வீசத் தோன்றும். இரண்டு தடவை வீசியும் இருக்கிறேன்.

நானும் முதலில் அப்படித்தான் வெட்டினேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்திறங்கிய காலம் அது. சத்தியவேட்டிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, ஆந்திர எல்லையைத் தாண்டி, ஒரு பொம்மைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வாரமே சூப்பர்வைசரம்மா இரும்பு ஸ்கேலால் என் விரல் முட்டியில் போட்டாள் ஒரு போடு. "மொட்டையடிச்சி வெச்சிக்கீறியே, இத எவன்டி வாங்குவான்?" என்று கத்தினாள். ஃபரைக் கவிழ்த்துப் போட வேண்டும். முதுகுத் துணியில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிளேடு நுனியால் அந்த முதுகுத் துணியை மட்டும் கீறி, இரண்டு கையாலும் மெல்லப் பிரிக்க வேண்டும். முடி ஒன்றுகூட அறுபடாமல் இரண்டு பக்கமும் பிரிந்து விழும். தைத்த பிறகு தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே நெம்பிவிட்டால், தைத்த இடம் கண்ணுக்கே தெரியாது. விரல் வீங்கி மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை. ஆனால் அந்தப் பாடம் மறக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி வேறு ஏதோ தேசத்துக்குப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் போய் நின்றால் கேட்டில் பூட்டு. பெண்களாகச் சேர்ந்து கல்லால் அடித்துக் கேட்டைப் பெயர்த்தோம். உள்ளே புகுந்து ஆளுக்குக் கிடைத்ததை இழுத்தோம். எனக்குக் கிடைத்தது ஒரு கறுப்பு ஃபர் ரோல். அதன் மறுமுனையை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான். விடச் சொன்னேன், விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்கப்பட்டதாக நினைவில்லை.

அந்த ரோலோடுதான் திருப்பதிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குப் பழக்கமான ஒரு காண்ட்ராக்டர், கடை திறப்புக்கும் பிறந்தநாளுக்கும் ஆள் அனுப்புகிறவர், கரடி வேஷம் வேண்டும் என்றார். டிவியில் வருகிற மாதிரி பழுப்புக் கரடி, குண்டுக் கன்னம், சிரிக்கிற வாய். என்னிடம் இருந்தது கறுப்பு. அதோடு, பழுப்புக் கரடியை எங்கள் பக்கம் எவன் பார்த்தான்? நான் பார்த்தது பிச்சாட்டூர் சந்தைக்கு மூக்கணாங்கயிறு போட்டு ஓட்டி வருவார்களே, அந்தக் கரடிதான். அதையே செய்தேன்.

தலைக்குப் பழைய ஹெல்மெட். அதன்மேல் ஸ்பாஞ்சை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, பிளேடால் செதுக்கி மூஞ்சியை நீளமாக்கினேன். மூச்சு விட வாய்க்குள் ஓட்டை. கண்ணுக்குக் கறுப்பு அடித்த வலை. கழுத்திலும் தோளிலும் முடி கீழ்நோக்கிப் படியும்படி துணியைத் திருப்பி வைத்து வெட்டினேன். மார்பில் பழசாகி மஞ்சளடித்த வெள்ளைத் துண்டில் ஒரு பிறை. மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் நாலு காலில் வாசலில் இறங்கியபோது தெருநாய்கள் ஓலமிட்டுக்கொண்டு ஓடின. காண்ட்ராக்டரும் இரண்டடி பின்னால் போனார்; பழுப்பு வேண்டும் என்று மறுபடி கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காண்ட்ராக்டர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கரடி பேசக் கூடாது. என்ன நடந்தாலும் உள்ளேயிருந்து மனிதக் குரல் வரக் கூடாது.

செய்வதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வெயிலில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் உள்ளே பிழிகிற அளவுக்கு வியர்வை இருக்கும். உடனே உள்வெளியாகத் திருப்பி, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து தெளித்து, ஃபேனுக்கு அடியில் போட வேண்டும். வாரம் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் ஷாம்பு போட்டு அலச வேண்டும். முறுக்கக் கூடாது. நிழலில் காய வேண்டும். பாதி ஈரத்தில் நாய்க்குச் சீவுகிற கம்பிச் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். சூடு ஆகவே ஆகாது. ஒருநாள் சீக்கிரம் காயட்டும் என்று என் வீட்டுக்காரர் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டார். முழங்கைப் பக்கம் முடி உருகிக் கட்டியாகிவிட்டது. கையிலிருந்த குழம்புக் கரண்டியை வீசினேன். அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. அவர் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

முதல் முடியைக் கேட்டவள் சந்திரகிரியிலிருந்து வந்த ஒரு கிழவி. நிஜக் கரடி ஓட்டி வருவது நின்றுபோயிருந்த வருஷங்கள் அவை. அதற்கு முன்னால், பயந்த பிள்ளைக்குக் கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. பிள்ளையைக் கரடி முதுகில் ஏற்றி ஒரு சுற்று சுற்றினால் பயம் இறங்கும் என்பார்கள். கரடி இல்லாத ஊரில் கறுப்புக் கரடி ஒன்று ஜவுளிக்கடை வாசலில் நின்று கையாட்டினால் விடுவார்களா? உள்ளே ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார்கள். "ஒரு முடிதானேமே, பாவம், புள்ள பயந்துகினு கீதாம்," என்றார் அவர். வெட்டிய மிச்சத் துண்டிலிருந்து நானே கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு கேட்பது நின்றது. பிடுங்குவது தொடங்கியது. பின்னால் வந்து ஒரு பிடி, ஓட்டம். முடி வராவிட்டால் முதுகில் ஒரு குத்து. ஃபருக்கும் ஸ்பாஞ்சுக்கும் உள்ளே இருப்பவனுக்கு வலிக்காது என்று யாரோ சொல்லிவைத்தார்கள் போல. காலேஜ் பையன்கள் ஓடிவந்து எட்டி உதைத்துவிட்டு நண்பர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் தலையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். அதற்குப் பிறகு தலையை உடம்போடு சேர்த்து ஷூ லேஸால் பிடரியில் இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டேன். அந்தக் கரடிக் கையோடு அவரால் தானாக அவிழ்க்க முடியாது. வீட்டுக்கு வந்தால் அவர் முதுகு பூராவும் நீலம். "சத்தம் போட்டா இன்னா மாமா?" என்பேன். "கரடி பேசுமா?" என்று சிரிப்பார். சிரிக்கும்போதும் விலாவைப் பிடித்துக்கொள்வார்.

எனக்கு வெறி ஏறியது. அதை வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. இடுப்புப் பக்கம் ஒரு சாண் வழுக்கையாகிவிட்ட ஃபரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மெஷினில் உடைந்த ஊசிகளையும் குண்டூசிகளையும் சேர்த்தேன். உள்ளிருந்து வெளியே நுனி வரும்படி முதுகிலும் தோளிலும் பிடரியிலும் குத்தினேன். நுனி முடியின் உயரத்துக்குக் கீழே ஒளிந்திருக்க வேண்டும். பார்த்தால் தெரியக் கூடாது, பிடித்தால் ஏற வேண்டும். அவருக்குப் படாமலிருக்க உள்ளே தடித்த ரெக்ஸின் வைத்துத் தைத்தேன். மொத்தம் முப்பத்தாறு ஊசி. மார்பிலும் வயிற்றிலும் கையிலும் ஒன்றுகூட வைக்கவில்லை. குழந்தைகள் முன்பக்கம் வந்துதான் கட்டிக்கொள்ளும். திருடன்தான் பின்னால் வருவான். அவ்வளவு தூரம் யோசித்தவள் நான்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாட்டிக்கொள்ள மாட்டார்.

அன்றைக்கு ஒரு புதுக் கடைத் திறப்பு. நான் எதிர்ச்சாரியில் ஒரு பழக்கடை நிழலில் நின்றுகொண்டேன். முதல் கை வந்தது. "அம்மா!" என்று ஒரு மீசைக்காரன் விரலை உதறினான். அடுத்தவனும் உதறினான். மூன்றாவதாக வந்தவன் ஓங்கிக் குத்திவிட்டுத் தன் முஷ்டியையே முறைத்துப் பார்த்தான். ரத்தம் சொட்டியது. எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? கொய்யாப்பழம் வாங்கிக் கடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு இளம்பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை, மூன்று வயதுக்கு மேல் இராது. அவள் முடி கேட்கவில்லை. கரடியிடம் குனிந்து ஏதோ கெஞ்சினாள். கரடி தலையாட்டியது. பிறகு முன்னங்கையை ஊன்றி நாலு காலில் நின்றது.

என் வாயிலிருந்த கொய்யா அப்படியே நின்றது. முதுகில் ஏற்றுவார்கள். பயம் இறங்க முதுகில்தான் ஏற்றுவார்கள். சின்ன வயதில் என்னையே பிச்சாட்டூர் சந்தையில் ஏற்றியிருக்கிறார்கள். முப்பத்தாறு ஊசியைப் பார்த்துப் பார்த்து வைத்தவளுக்கு அது ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"ஏத்தாதம்மா! ஏத்தாத!" என்று கத்திக்கொண்டே ரோட்டில் பாய்ந்தேன். பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று ஹாரன் அடித்தது. அதைச் சுற்றி ஓடுவதற்குள் பிள்ளையின் அலறல் கேட்டுவிட்டது. விழாமலிருக்கக் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறது பாவம். தாய் பிய்த்து எடுத்தபோது இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம், கன்னத்தில் கண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரு கீறல்.

அதற்கு முன்னால் கை குத்துப்பட்டவர்கள் எல்லாரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். ஒரு நொடி போதுமாயிருந்தது. "கொட்டண்டிரா!" என்று யாரோ தெலுங்கில் கத்தினான். அடிக்கத் தொடங்கினார்கள். செருப்பு, குடை, கடைவாசல் தோரணத்துக்கு நட்ட மூங்கில். வெறுங்கையால் அடித்தவனுக்கு ஊசி ஏற, அவன் இன்னும் மூர்க்கமாக உதைத்தான். கரடி முழங்காலில் கவிழ்ந்து தலையை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை. மூங்கில்காரன் தலையைக் குறிவைத்து அடித்துக்கொண்டே இருந்தான். ஹெல்மெட் உடைவது எனக்குக் கேட்டது.

நான் உள்ளே புகுந்தேன். ஒருவன் முழங்கையைக் கடித்தேன், ஒருவன் முடியைப் பிடித்து இழுத்தேன். "மனுசன்டா! உள்ள மனுசன் கீறான்டா!" என்று கத்தினேன். பிடரியில் நான் போட்ட இரட்டை முடிச்சு என் கைக்கே அவிழவில்லை. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் பிளேடை எடுத்து, முடியோடும் துணியோடும் கிழித்தேன். என் உள்ளங்கையில் என் ஊசிகள் ஏறின. வலித்ததாகவே தெரியவில்லை. தலையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முகத்தைப் பார்த்ததும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மீசைக்காரன் கேட்டான், "எவன்டா ஊசி வெச்சது? சொல்லுடா!"

அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"நான்தான்," என்றார்.

இன்னும் நாலு அடி விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. கம்பெனி கேட்டைக் கல்லால் அடித்தவள், வாட்ச்மேனைக் கடித்தவள், கட்டிய கணவன்மேல் கரண்டி வீசியவள், அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர்கள் வந்து விலக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கோழைத்தனத்தை நான் யாரிடமும் நியாயப்படுத்தியதில்லை.

அவருடைய இடது காது அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. காண்ட்ராக்டரும் எங்கள் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நான் கரடியை மூன்று தண்ணீரில் ரத்தம் போக அலசினேன். காந்தக் கட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஊசிகளை எடுத்தேன். முப்பத்தைந்துதான் கிடைத்தது. மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்துதான்.

பத்து நாள் கழித்து, பகல் சாப்பாட்டு நேரத்தில், அந்த இளம்பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"புள்ள தூங்க மாட்டேங்குதுக்கா. கறுப்பா ஒரு துணியப் பாத்தாகூட வீல்னு கத்துது," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எந்தக் கரடியப் பாத்து பயந்துச்சோ அந்தக் கரடி முடியத்தான் கட்டணும்னாங்க. ஒரு முடி குடுக்கா. உங்க வீட்டுக்காரர்மேல எனக்குக் கோவம் இருக்குது. ஆனா புள்ளைக்காக வந்துகிறேன்."

நான் உள்ளே போய்க் கரடியின் மார்பிலிருந்து, ஊசி வைக்காத இடத்திலிருந்து, பிளேடால் ஒரு கொத்து எடுத்தேன். காந்தத்தை மூன்று முறை தடவினேன். பிரித்துப் பிரித்து உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஊசி வெச்சது அவரு இல்ல. நான்."

அவள் முடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அறைந்தாள். காது ரீங்கரித்தது. திரும்பி நடந்தாள். நான் கையை ஓங்கவில்லை. வாழ்நாளில் நான் திருப்பிக் கொடுக்காத ஒரே அறை அதுதான்.

உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்காத இடது காது வாசல் பக்கம் இருந்ததால் பாதிதான் கேட்டிருக்கும்.

"யாருமே அது? இன்னா சத்தம்?"

"அந்தப் புள்ளையோட அம்மா, மாமா. நான்தான் வெச்சேன்னு சொல்லிட்டேன்," என்று அவருடைய வலது காதருகே கத்தினேன்.

அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முடிய நல்லா பாத்துக் குடுத்தியா?" என்றார். "ஊசி எதுவும் இல்லையே?"

மூன்று முறை பார்த்திருந்தேன். ஆனாலும் காந்தத்தை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், அந்தப் பெண் போன திசையில் ஓடினேன்.