இடது ஓரத்துக் குருத்தோலை

இதை எழுத வருஷக்கணக்காகத் தயங்கினேன். அதிகம் படிக்காதவள், கதை கட்டுகிறாள் என்பார்களோ என்று பயம். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தில் செருகியிருக்கும் காய்ந்த குருத்தோலைச் சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்துவிடுகிறது. அந்த நாளின் பாரத்தை ஆண்டவர் முன்னால் இறக்கிவைக்கத்தான் எழுதுகிறேன்.

என் கொழுந்தன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகாதவன், எங்களோடுதான் இருந்தான். சின்ன வயசில் பிரவுசிங் சென்டரில் ஆடிய கார் ரேஸ் கேமை வீட்டில் ஆட வேண்டும் என்று, குன்றத்தூரிலிருந்து பழைய அகலத் திரை கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் பைக்கோ மிக்சியோ எது வந்தாலும், குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலையில் சிலுவை முடைந்து செருகி, ஜெபித்துவிட்டுத்தான் தொடுவோம். அன்றும் அவன் கண்ணெதிரேதான் திரையின் இடது ஓரத்தில் செருகினேன்.

அந்த கேம் சதுரத் திரைக்குச் செய்ததாம். முதலில் படம் இழுபட்டு, கார் சக்கரமெல்லாம் முட்டை மாதிரி நின்றது. அதைச் சரிசெய்து சக்கரம் வட்டமானதும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. படம் திரை முழுக்க வர வேண்டும் என்று லீவு நாளெல்லாம் நெட்டில் தேடி, கேமின் ஃபைலைத் திறந்து எண்களை மாற்றிக்கொண்டே இருந்தான். மாசக்கணக்கில் போயிற்று.

ஒரு ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். “ரைட்ல சரியாய்ட்ச்சி அண்ணி, லெஃப்ட்ல மட்டும் இன்னும் வெட்டிக்கினு போது” என்றான். எட்டிப் பார்த்தேன். படம் திரை முழுக்க நிறைந்திருந்தது. ஆனால் அவன் கார் இடது சுவரிலேயே போய்ப் போய் மோதியது. என் வீட்டுக்காரர், “டேய், ரோடு இந்தாண்ட கீதுடா! லைசென்ஸ் எவன்டா குட்த்தான் உனக்கு?” என்று சிரித்தார்.

“சிலுவை வரைக்கும் படம் தெரியுதே தம்பி” என்றேன்.

“சிலுவையா? அத்தத்தான் எடுத்துட்டீங்களே.”

அது அங்கேயேதான் இருந்தது. அவன் இடது முழங்கையில் புதுச் சிராய்ப்பு. கதவு இடித்தது என்று சொல்லியிருந்தான். நான் அவன் இடது காதுக்குப் பக்கத்தில் கையை நீட்டி விரலை ஆட்டினேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் அவனுக்கு மார்னிங் ஷிஃப்ட். ஃபோர்க்லிஃப்டுக்குப் பக்கத்தில் வேலைக்கு வந்த எத்தனை பிள்ளைகள் நடப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவன் பைக் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். “இன்னா அண்ணி, லீவு போட்டா சூப்பர்வைசர் கத்துவான்” என்றான். “கத்தட்டும்” என்றேன். மாதாவே மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். தலைக்குள் கட்டி, பார்வை நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆயிற்று. ஆண்டவர் உயிரைக் கொடுத்தார். இரண்டு கண்ணிலும் இடது பக்கத்துப் பார்வை வரவில்லை. இப்போது அதே கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. லாரி ஓடும் ரோட்டில் இன்றும் நான் அவனுக்கு இடது பக்கமாகத்தான் நடக்கிறேன்; பயம் விடவில்லை.

அவனுக்குத் தெரியட்டுமே என்று சிலுவையை வலது ஓரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். “அங்கியே இருக்கட்டும் அண்ணி, நான் தேடிக்கிறேன்” என்று திரும்பவும் இடது பக்கமே செருகிவிட்டான்.

இதை யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பார்வை திரும்பிவிட்டது என்று அன்பினால்கூடச் சேர்த்துவிடாதீர்கள். கேம் போடும் முன் அவன் இன்றும் தலையை முழுசாகத் திருப்பி, தேடித்தான் அந்தச் சிலுவையைப் பார்க்கிறான்.