பரணில் ஒளித்த செருப்பு

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவர். போன வருஷம் மாரடைப்பு வந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம், "தினமும் தெருவில் முதல் விளக்குக் கம்பம் வரை நடக்கட்டும். வாரம் ஒரு கம்பம் கூட்டுங்கள்" என்றார்.

எனக்குப் பயம். "கட்டிலை வுட்டு எறங்கக் கூடாதாம்" என்று அவரிடம் பொய் சொன்னேன். செருப்பைப் பரணில் ஒளித்தேன். சோற்றைக்கூட ஊட்டிவிட்டேன். இரண்டு மாதத்தில் மனிதர் பேச்சையே விட்டுவிட்டார். அதையும் ஓய்வு என்றே நினைத்தேன்.

ஒருநாள் காலை குழாயடியிலிருந்து திரும்பினால் கட்டில் காலி. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கல்மண்டபம் போகும் வழியில், மூன்றாவது கம்பத்தடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா இது!" என்று கத்தினேன்.

"கட்டில்ல கெடந்து சாவறதுக்கு, நடந்தே சாவலாம்னு வந்தேன். ஆனா நல்லாத்தான் கீறேன்" என்றார்.

அங்கேயே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன். "டாக்டர் எத்தினி கம்பம் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முதல் கம்பத்திலிருந்தே தொடங்கினோம். இப்போது பன்னிரண்டாவது வரை போகிறோம். அவர் செருப்பு வாசலில் இருக்கிறது. அதன் பக்கத்தில், கூட நடப்பதற்காக நான் வாங்கிய என் முதல் செருப்பு.