முன்கூட்டியே காசு கட்டிய சாப்பாடு

கஹவத்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் குடும்பமாகப் போனோம். நாள் குறித்து, நுழைவுச்சீட்டோடு பகல் சாப்பாட்டுக்கும் நானே முன்கூட்டிக் காசு கட்டிவிட்டேன். என் மனைவி தோட்டத்துக் கோயிலில் தீமிதிக்க நேர்ந்து, மாமிசம் தொடாமல் விரதம் இருந்தாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

அங்கே எங்கு பார்த்தாலும் கோழி. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம்.

“வெறுஞ்சோறு எடுத்துக்க,” என்றேன்.

“கோழி அள்ளுன கரண்டியிலதானேங்க சோறும் அள்ளுறாங்க? வழியில சாப்பிட ரொட்டி சுடவான்னு கேட்டதுக்கு, காசு கட்டியாச்சு, சும்மா இருன்னீங்க!”

பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். அவள் பசி மயக்கத்தில் மாலைவரை நிழலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சறுக்கில் ஏற வேண்டுமென்று அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான். மடையன் நான், கெடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எங்கே போவதானாலும் முதலில் அவளைக் கேட்கிறேன், அடுத்து அங்கே என்ன சமைப்பார்கள் என்று கேட்கிறேன். காசு கட்டுவது அதற்குப் பிறகுதான்.