முனிலட்சுமியின் கட்டைவிரலும் நீலச் சொட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். முனிலட்சுமியைப் பற்றி யாராவது, "அவளா, விரலுக்கு சீரம் பூசின சீமாட்டியாச்சே" என்று சிரித்தால் அந்த மூக்கு நுனி இன்றும் சிவக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் ஒரு ரோஜாப் பண்ணை. அங்கே நானும் அவளும் பதினான்கு வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று வேலை பார்க்கிறோம். அறுத்த பூ வரும். அடி இலையையும் முள்ளையும் உருவி, காம்பின் நீளம் பார்த்து, இருபது இருபதாகக் கட்ட வேண்டும். நான் ஒரு கட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை வேறு பார்ப்பாள். அப்படியே பற்றிக்கொண்டு வரும் எனக்கு. பண்ணையில் கையுறை கொடுத்தார்கள். வேகம் வராது என்று அதைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாள். பதினான்கு வருஷ முள்ளும் சேர்ந்து அவள் விரல் ரேகையை வழித்துத் துடைத்துவிட்டது.

அவள் புருஷன் கோவிந்தப்பனும் அதே பண்ணைதான். செடிக்கு மருந்து அடிப்பவர். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டே வேலை செய்வதால் அவர் ரேகை அச்சடித்த மாதிரி இருக்கும். ரேஷன் கடையில் மாதா மாதம் அவர்தான் விரல் வைப்பார். மெஷின் 'டிங்' என்றதும் வரிசையைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, ஒரே அழுத்து!" என்பார். ஏதோ மலையையே தூக்கி வைத்துவிட்ட மாதிரி. முனிலட்சுமி பை பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள்.

இப்படி இருக்கையில், பூக் கட்டிச் சேர்த்த காசில் ஊர் ஓரத்தில் ராஜப்பனுடைய வீட்டுமனையை முனிலட்சுமி விலை பேசினாள். அவள் பேரில் வாங்குவதாகத்தான் பேச்சு. பிப்ரவரியில் காதலர் தினப் பூ அனுப்பி முடித்த மறு வாரம் பத்திரம் எழுதும் முனிவேலிடம் போனோம். துணைக்கு நானும் கோவிந்தப்பனும். முனிவேல் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எதையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிற ஆள். பத்திரப் பதிவு ஆபீசில் ரேகை விழுமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள மேஜையில் சின்ன ரேகை மெஷின் வைத்திருக்கிறார்.

முனிலட்சுமி விரல் வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள், சிவப்பு. பத்து விரலும் ஆயிற்று. கால் விரல் ஒன்றுதான் பாக்கி.

"அங்க ரிஜிஸ்டர் ஆபீசு வரைக்கும் போயி அலையிறதுக்கு, கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கம்மா. அவசரம்னா ஐயா பேர்ல போட்டுடலாம்" என்றார் முனிவேல்.

சொல்லி வாயை மூடவில்லை, கோவிந்தப்பன் கட்டைவிரலை வைத்துவிட்டார். பச்சை!

"எம் பேர்ல இருந்தா இன்னா, உம் பேர்ல இருந்தா இன்னா மே? ஒரே வீடுதான?"

"ஒரே வீடுதான? அப்போ எம் பேர்லயே இருந்தா இன்னா?"

கடைசியில் உகாதி வருஷப் பிறப்பு கழித்துப் பார்ப்பது என்று முடிவானது. அதுவரை காத்திருக்க ராஜப்பனும் ஒத்துக்கொண்டார். அப்போதும் ரேகை விழாவிட்டால் மனை கோவிந்தப்பன் பேருக்கு.

பஸ்ஸில் முனிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். "எல்லா எடத்துலயும் அவரு பின்னாடியே நின்னாச்சுக்கா. இந்த ஒரு காயிதத்துலயாவது நான் முன்னாடி நிக்கணும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று.

இந்த இடத்தில் என் ரகசியம் ஒன்றை உடைத்தாக வேண்டும். அந்தச் சமயம் நான் என் நெற்றிக் கோட்டுக்கு ஒரு நீலச் சொட்டு மருந்து பூசிக்கொண்டிருந்தேன். காப்பர் பெப்டைட் சீரம். முனிலட்சுமியின் மகள் மாதேஸ்வரி ஓசூரில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், வேதியியல் படித்தவள், அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே முனிலட்சுமி வந்து நின்றாள். "அக்கா, உன் நீல மருந்து விரலுக்கு வேலை செய்யுமா?"

மாதேஸ்வரியைக் கேட்டோம். அவள் பாடமே நடத்திவிட்டாள். "அது நம்ம ரத்தத்துலயே இருக்கிற சின்னப் புரதத் துண்டும்மா. செம்பைப் புடிச்சிக்கினு சுத்தும். வயசாக ஆகக் கொறைஞ்சிடும். தோலு தன்னைத் தானே சரி பண்ணிக்க அது ஒதவுதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. பூசினா தோலு மெத்துனு ஆகலாம், சுருக்கம் கொஞ்சம் கொறையலாம், ஆகாமலும் போகலாம். ஆனா ரேகை வரும்னு யாரும் எழுதி வெக்கல. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

"ரேகையும் தோலுதான?" என்றாள் முனிலட்சுமி. படித்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

கோவிந்தப்பனுக்கு 'செம்பு' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, இது நம்ம காப்பர் மருந்து! ரோஜாவுல பூஞ்சைக்கு டேங்க் டேங்கா அடிக்கிறேன். இதுக்குப் போயி கடையில வாங்குவாங்களா? நாளைக்கு ஒரு கை கரைச்சு எடுத்தாறேன், பத்து விரலையும் முக்கி வெச்சுக்க."

மாதேஸ்வரி போட்ட கத்தலில் தெரு நாய் எழுந்து ஓடியது. "அப்பா! அது பூஞ்சையைக் கொல்ற மருந்து! தோலு வெந்துபூடும்! ரெண்டுலயும் செம்பு இருந்தா ரெண்டும் ஒண்ணா? அதைக் கொண்டாந்தா நான் வீட்டை விட்டே போயிடுவேன்!"

முள் கீறின காயமெல்லாம் ஆறட்டும் என்று ஐந்து நாள் காத்து, காதோரம் ஒரு சொட்டு வைத்து, எரிச்சல் இல்லை என்று பார்த்த பிறகுதான் விரலுக்குப் பூச விட்டாள் மாதேஸ்வரி. "பூசினா கை நனையக் கூடாது" என்றும் சொன்னாள்.

"எவ்ளோ நேரம்?" என்றார் கோவிந்தப்பன்.

மகள் வாயைத் திறப்பதற்குள் முனிலட்சுமி முந்திக்கொண்டாள். "நல்லா ஊறுற வரைக்கும்."

அந்தப் பொல்லாத பதிலை நான் என் காதால் கேட்டேன். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் சமாச்சாரம் அது. என் நெற்றியில் காய்கிறதே! ஆனால் அவள் விரலில் ஊற ஊற ராத்திரி சோறே முடிந்துவிடும். காலையிலும் அதே கதைதான். முனிலட்சுமி பத்து விரலையும் விரித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். கோவிந்தப்பன் அடுப்படியில் கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருப்பார். முதல் நாள் களி கட்டி தட்டியது. இரண்டாம் நாள் கரண்டியை விட்டால் கரண்டி திரும்பி வரவில்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. என்ன, தினமும் அடிபிடிக்கும். அந்தக் குண்டானைக் கம்பி நாரால் பறக் பறக் என்று அவர் தேய்க்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கேக்குதா? நல்லாக் கேட்டுக்க" என்பேன்.

பண்ணையிலும் அவள் முதல்முறையாகக் கையுறை போட்டாள். வேகம் பாதியாகக் குறைந்தது. நான் இரண்டு கட்டு முடித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தேன். பதினான்கு வருஷக் கணக்கு தீர்ந்தது.

உகாதி வந்தது, வேப்பம்பூவும் வெல்லமும் தின்றோம். மறு வாரம் மறுபடியும் முனிவேலின் மேஜை. முனிலட்சுமியின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"யாரு ரேகை விழுதோ அவங்க பேர்ல டைப் அடிச்சிடலாம்" என்றார் முனிவேல்.

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

பச்சை!

"ஆயித்து! ஆயித்து!" முனிவேல் கன்னடத்தில் கூவிக்கொண்டு எழுந்தே விட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கோவிந்தப்பன் நம்பவில்லை. "மெஷின் ஏதோ கோளாறு. இன்னிக்கு யாரு வெச்சாலும் விழும் போல. இப்ப பாரு" என்று தன் கட்டைவிரலை வைத்தார்.

சிவப்பு.

சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஊதிவிட்டு வைத்தார். சிவப்பு. பத்து விரலும் போயிற்று. முனிவேல் அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "என்ன ஐயா, ரேகையெல்லாம் தேஞ்சு கெடக்குது? என்னா வேலை பண்ணீங்க?" என்றார்.

கோவிந்தப்பன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார், "களிக் குண்டான்."

அவ்வளவுதான். சிரித்து சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. முதலில் முறைத்தவர் கடைசியில் தானும் சிரித்துவிட்டார், நல்ல மனுஷன். முனிலட்சுமி பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து, "கையை நீட்டுய்யா" என்று அவர் கட்டைவிரலில் ஒரு சொட்டு வைத்தாள்.

முனிவேல் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார். "கோவிந்தப்பன் மனைவி முனிலட்சுமி ஆகிய தாங்கள்..."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தார். "இன்னும் ஒரே ஒரு வாட்டி." மூன்றாம் முறை அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான், மறைப்பானேன்.

ரேகை சீரத்தால் வந்ததா, கையுறையாலும் ஓய்வாலும் வந்ததா என்று மாதேஸ்வரியைக் கேட்டேன். "எல்லாத்தையும் ஒண்ணாப் பண்ணினா எப்படிச் சொல்றது? முள்ளு படாம வெச்சதே போதும்னு நெனைக்கிறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க பெரிம்மா" என்றாள். என் நெற்றியைக் கேட்கிறீர்களா? மூன்று கோடு இருந்தது. மூன்றும் சுகமாக இருக்கின்றன.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் நானும் வரிசையில் இருந்தேன். முன்னால் முனிலட்சுமி, பின்னால் பை பிடித்துக்கொண்டு கோவிந்தப்பன். அவள் விரலை வைத்தாள். 'டிங்' என்றது. மெதுவாகத் திரும்பி வரிசையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கடைசியில் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தியா, ஒரே அழுத்து!"