பாக் யாஹ்யாவின் செருப்புச் சத்தம்

பாக் யாஹ்யாவை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அவருடைய செருப்புச் சத்தம்தான். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் வடக்கே ஒரு சிற்றூரில் இருந்த எங்கள் மனநல மருத்துவமனையின் ஏழாம் விடுதியில், காலை மருந்து வண்டி புறப்படுமுன்பே அது தொடங்கிவிடும். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. மீண்டும் இந்தக் கோடிக்கு.

"மிஸ்ஸி, இன்னிக்கு பினாங்கு வரைக்கும் போயாச்சு!" என்பார். தாதியரான எங்களை அங்கே மிஸ்ஸி என்றே அழைப்பார்கள்; மூத்த மலாய்க்காரர்களை நாங்கள் மரியாதையாகப் பாக் என்போம்.

அவர் முன்பு தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவராக இருந்தவர். முப்பதாம் வயதில், அக்கடிதங்கள் எல்லாம் தம்மைப் பற்றியவையே என்று குரல்கள் சொல்லத் தொடங்கின. மாதம் ஒருமுறை போட்ட ஊசி அக்குரல்களை அடக்கியது. பதினான்கு ஆண்டுகள் அவர் எங்களோடு இருந்தார். பகலில் மூங்கில் பட்டறை. வார இறுதியில் வீடு.

தொண்ணூற்றேழாம் ஆண்டில் அவருடைய மகள் சுரயாவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மலாய் வழக்கப்படி தந்தை மணமகனுக்கு எதிரே சப்பணமிட்டு அமர்ந்து, அவன் கையைப் பற்றி, மகளை மணமுடித்துத் தருவதாகத் தம் வாயால் சொல்ல வேண்டும். பாக் யாஹ்யாவால் பல நாள்களில் இரண்டு நிமிடம்கூட உட்கார முடியாது.

"மணம் முடிச்சு வைக்கிற காடியே சொல்லிடட்டும்டா. நீ பாதியில எந்திரிச்சு ஓடினா யாருக்கு அசிங்கம்?" என்றார், பார்க்க வந்த அண்ணன் ஹாலிம்.

அண்ணன் போனபின் அவர் என்னிடம் வந்தார். நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

"பெத்தவன் நானு, மிஸ்ஸி. எப்படியாவது என்னைய உக்கார வையுங்க."

செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவர்கள் கூடிப் பேசுவார்கள். மூத்தவர் டாக்டர் சியோங். இளையவர் டாக்டர் நோர்லிசா, வெளிநாட்டில் படித்துவிட்டு அவ்வாண்டுதான் வந்தவர்.

"புது மாத்திரைக்கு மாத்தலாம் டாக்டர்" என்றார் நோர்லிசா.

"பதினாலு வருஷம் அவர காப்பாத்தினது பழைய ஊசிம்மா. உங்க மாத்திரை இங்க வந்து எத்தனை வருஷமாச்சு?"

"காப்பாத்திச்சு, சரி. உக்கார விடலையே!"

"அது நோயோட துடிப்பு. அதுக்குத்தானே இந்த வருஷம் ரெண்டு தடவ ஊசியோட அளவ ஏத்தினேன்?"

அன்று காலை நான் விடுதிக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டியிருந்தேன்.

"டாக்டர், ஊசி போட்ட மறுநாள்லேருந்து பத்து நாள்தான் இந்த நடை. அடுத்த ஊசி நெருங்கறப்போ, சோடா மூடியக் காயா வச்சு உக்காந்து டாம் ஆடறாரு. நோய்னா மருந்து குறையக் குறையத்தானே கூடணும்?"

டாக்டர் சியோங் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஊசி குடுத்த துடிப்புக்கு நானே ஊசியோட அளவ ஏத்தினேனா?"

"'அமைதியில்லாம நடக்கறாரு'ன்னு எழுதி எழுதிக் குடுத்தது நாங்கதான், டாக்டர்."

அதன் பிறகும் அவர் எளிதில் இணங்கவில்லை. "ஊசிய மட்டும் குறைச்சுப் பாக்கலாம். மாத்திரையில எடை ஏறும், சக்கரை வரும். வீட்டுல ரெண்டு நாள் மறந்தா என்ன ஆகும்?"

"முன்னாடி குறைச்சப்பவும் நடந்திருக்காரே டாக்டர், ஏட்டுல இருக்கு. அவரையே கேப்போமே" என்றேன்.

பாக் யாஹ்யா வந்தார். "மாத்தினா கல்யாணத்தன்னிக்குக் குரல் வருமா, டாக்டர்?"

"வரலாம். வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர் சியோங்.

"வந்தா வரட்டும். அத எனக்கு முப்பது வயசுலேருந்து தெரியும். காலுதான் என் பேச்ச கேக்க மாட்டேங்குது."

ஊசியைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம்; மாத்திரையைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, கூடம் அமைதியாக இருந்தது.

"பினாங்கு போகலையா, பாக்?"

"டிக்கெட் தீந்துபோச்சு, மிஸ்ஸி."

திருமணத்துக்கு நானும் டாக்டர் சியோங்கும் போயிருந்தோம். இரண்டு மாதம் முன்பு தைத்த பட்டுச் சட்டை பாக் யாஹ்யாவின் வயிற்றில் இறுகி, நடுப் பித்தானைப் பூட்ட முடியவில்லை. "நான் சொன்னேன்ல, எடை ஏறும்னு" என்று டாக்டர் என் காதருகே முணுமுணுத்தார். ஆனால் அவருடைய பார்வை சட்டையில் இல்லை. பாயின்மேல் மடிந்திருந்த அந்த முழங்கால்களைவிட்டு அது அகலவேயில்லை.

பாக் யாஹ்யா மணமகனின் கையைப் பற்றினார். ஒரு கணம் தலையைச் சாய்த்து எதையோ கேட்பவர்போல் இருந்தார். சபை காத்திருந்தது. ஹாலிம் காடியைப் பார்த்தார். பிறகு பாக் யாஹ்யா, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில், திருத்தமாகச் சொல்லி முடித்தார்.

"குரல் வந்துச்சா, பாக்?" என்று பின்னர் கேட்டேன்.

"வந்துச்சு மிஸ்ஸி. 'இருடா, முடிச்சுட்டு வரேன்'னுட்டேன்."

பிறகு எழுந்து பந்தியை நோக்கி நடந்தார். போனவர் மீண்டும் இந்தக் கோடிக்குத் திரும்பி நடக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.